வயல் யாருடையது, வடிகால் யாருடைய வேலை? பிரதேச சபையும் பிரதேச செயலகமும்

கொழும்பில் வாடகை கட்டி அலுத்துப்போன குடும்பங்கள் ஹோமாகம, பாதுக்கை, ஹங்வெல்ல பக்கம் காணி பார்க்கத் தொடங்கியதும் சில பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். "வயலை நிரப்பச் சபையே விட்டுவிட்டதாம்." "சபையில் தெரிந்த ஆள் இருந்தால் அரசாங்கக் காணிக்கு உறுதி எடுக்கலாமாம்." "இவ்வளவு வரி கட்டுகிறோம், பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் போட இந்தச் சபைக்கு முடியவில்லையே."

இந்த மூன்றிலும் திட்டு வாங்குவது பிரதேச சபை. ஆனால் மூன்றிலுமே முடிவெடுக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. அதேநேரம் சபை கட்டாயம் பதில் சொல்லவேண்டிய விஷயங்கள் பல உண்டு. அவற்றுக்காக யாரும் அதன் படியேறுவதில்லை. இந்தத் தடுமாற்றத்தால் நட்டப்படுவது சாதாரண மக்கள்தான். பணம் கொடுத்து வாங்கிய துண்டுக் காணியில் வீடு கட்ட முடியாமல் போகிறது, பிழையான கந்தோரில் மாதக்கணக்கில் அலைச்சல் நடக்கிறது. கிராமப்புறத்தில் காணிப் பயன்பாட்டையும் பொதுச் சேவைகளையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடர்மாடியிலிருந்து தொடங்குவோம்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. குடியிருப்பவர்கள் சேர்ந்து ஒரு நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்கிறார்கள். படிக்கட்டில் பல்ப் போடுவது, லிஃப்டைப் பழுது பார்ப்பது, குப்பை எடுப்பிப்பது, தண்ணீர்த் தாங்கியைக் கழுவுவிப்பது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. அதற்காக மாதாமாதம் பணம் அறவிடும். நீங்கள் உங்கள் வீட்டுச் சுவரை இடித்துப் பெரிதாக்க நினைத்தால் குழுவிடம் கேட்கவேண்டும். உங்கள் வீடுதான், ஆனாலும் அந்தச் சுவர் மற்றவர்களையும் பாதிக்கும்.

ஆனால் குழுத் தலைவர் எவ்வளவு செல்வாக்கு உள்ளவராக இருந்தாலும் மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் வீட்டை உங்களுக்கு எழுதித் தர முடியாது. அது வேறொருவருடைய சொத்து. அந்த உரிமையாளர் தன் சார்பில் ஒருவரை அங்கே நியமித்திருந்தால், வீட்டைப் பற்றி அவரிடம்தான் பேசவேண்டும்.

கிராமப்புறத்தில் பிரதேச சபை அந்த நிர்வாகக் குழுவின் இடத்தில் இருக்கிறது. அரச காணிக்கு உரிமையாளர் அரசு. அதன் சார்பில் பிரதேசத்தில் இருப்பவர் பிரதேச செயலாளர்.

தெரிவான சபை, நியமனமான செயலகம்

நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஆகக் கீழ்மட்ட அரசாங்கத்தின் பெயர் உள்ளூராட்சி மன்றம். இதில் மூன்று வகை உண்டு. பெரிய நகரங்களுக்கு மாநகர சபை, சிறிய நகரங்களுக்கு நகர சபை, கிராமப்புறங்களுக்குப் பிரதேச சபை. 2025 மே 6ஆம் திகதி நாடு முழுவதும் நடந்த தேர்தலில் 28 மாநகர சபைகள், 36 நகர சபைகள், 275 பிரதேச சபைகளுக்கு வாக்களித்தோம். கொழும்பு மாவட்டம் என்றதும் கோட்டையும் புறக்கோட்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கேயும் ஹோமாகம, சீதாவக்க, கொட்டிகாவத்தை-முல்லேரியா என்று மூன்று பிரதேச சபைகள் இருக்கின்றன.

பிரதேச சபைகளை உருவாக்கியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். சபையின் தலைவர் தவிசாளர். உறுப்பினர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வட்டாரங்களிலிருந்தும் மீதிப்பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். பொதுச் சுகாதாரம், பொது வசதிகள், பொது வீதிகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதே சட்டம் அவர்களுக்குக் கொடுத்த அடிப்படைப் பணி.

பிரதேச செயலகம் வேறு. பழைய ஆட்கள் இன்னும் ஏ.ஜீ.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர் என்பார்கள். அங்கே இருப்பவர் யாரும் வாக்கு வாங்கி வந்தவர் இல்லை. பிரதேச செயலாளர் அரசாங்கம் நியமிக்கும் நிர்வாக சேவை அதிகாரி. அவருடைய இன்றைய அதிகாரங்கள் பல 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. அவருக்குக் கீழே கிராமம் கிராமமாகக் கிராம அலுவலர் இருக்கிறார், நாம் ஜீ.எஸ். என்று கூப்பிடுபவர். வதிவிடச் சான்று, நிவாரணம், அரச காணி எல்லாம் இந்தப் பக்கம். சபையிலும் செயலாளர் என்று ஓர் அதிகாரி இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அவர் சபையின் நிர்வாகத்தை நடத்துபவர் மட்டுமே, காணி கொடுப்பவர் அல்ல.

இதுவரை பார்த்ததை இப்படி மனதில் வைத்தால் போதும்: வாக்குப் போட்டு வந்த சபை சேவைகளையும் கட்டட ஒழுங்கையும் பார்க்கிறது. அரசாங்கம் நியமித்த செயலகம் அரச காணியையும் அரச நிர்வாகத்தையும் பார்க்கிறது.

ஒரு காணி, மூன்று கேள்விகள்

எந்தக் காணியைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கவேண்டும். இது யாருடையது? இதை எதற்குப் பயன்படுத்தலாம்? இதில் என்ன, எப்படிக் கட்டலாம்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் இடம் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது.

முதல் கேள்வி உரிமை. இலங்கையின் நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அரசுடையது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்துவரும் காணிகளில் பல பேர்மிட் காணிகள். அதாவது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ், இருந்து பயிர் செய்ய அரசு கொடுத்த அனுமதி. பேர்மிட்டை வைத்திருப்பவர் அந்தக் காணியை உங்களுக்கு விற்க முடியாது. அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்திருந்தாலும் கைமாற்றப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். தனியார் காணியானால் உறுதியை நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்திலும் சரிபார்க்கவேண்டும். இதில் எந்த இடத்திலும் பிரதேச சபைக்கு வேலையில்லை. சபையில் ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டி "இதோ பாருங்கள், காணி எங்கள் பேரில்தான்" என்பார்கள். வரிப் பற்றுச்சீட்டு உறுதி ஆகாது. அந்த ஆதனத்துக்கான வரி வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி.

இரண்டாவது கேள்வி பயன்பாடு. இதில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் கொழும்பைச் சுற்றி மிக அதிகமாக ஏமாறுவது இங்கேதான். வயல் காணி மலிவாக வரும். "இரண்டு டிப்பர் மண் போட்டால் சரி" என்று தரகர் சொல்லுவார். ஆனால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக் கூடாது. உறுதி உங்கள் பேரில் இருந்தாலும் இதே சட்டம்தான். விண்ணப்பிக்கும் இடம் அந்தப் பகுதியின் கமநல சேவை நிலையம். தாழ்நிலமாகவோ சதுப்பாகவோ இருந்தால் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் தேவைப்படும்.

எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு? நிரப்பிய ஒரு வயலுக்குப் பக்கத்தில் மழை நாளில் நின்று பாருங்கள். சிவப்பு மண் கொட்டிய துண்டு இடுப்பளவு உயர்ந்து நிற்கும். அதன் வழியாக ஓடிய வாய்க்கால் மண்ணுக்கடியில் போயிருக்கும். மேலே இருக்கும் வயலில் தண்ணீர் இறங்க இடமில்லாமல் நெற்பயிரின் நுனி மட்டும் தெரியும். கீழே இருக்கும் வயலுக்கோ தண்ணீரே போகாது. ஒருவர் நிரப்பினால் நட்டம் பக்கத்து வயல்காரர்களுக்கு. அப்புறம் அவர்களும் "இனி இதில் என்ன விளையும்" என்று விற்றுவிடுவார்கள். கொழும்புக்கு மழைநீரைத் தாங்கிப் பிடிப்பவை இந்த வயல்களும் சதுப்புகளும்தான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, கடுவலைப் பகுதிகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் தங்கும் இடம் குறையக் குறைய, அது வீடுகளுக்குள்தான் வரும்.

மூன்றாவது கேள்விதான் சபையுடையது: என்ன கட்டலாம், எப்படித் துண்டு போடலாம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நகர அபிவிருத்திப் பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் விதிகளை வகுப்பது நகர அபிவிருத்தி அதிகார சபை. பெயரில் நகரம் இருந்தாலும் பல பிரதேச சபைப் பகுதிகளும் இந்தப் பிரகடனத்துக்குள் வந்துவிட்டன. சாதாரண வீட்டு பிளான்களைப் பார்த்து அனுமதி கொடுக்கும் அதிகாரம் அங்கே உள்ளூர்ச் சபைக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறது. பிரகடனத்துக்கு வெளியே உள்ள இடங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் சபை அனுமதி கொடுக்கிறது.

சுருக்கமாக: உரிமைக்கு உறுதியும் பிரதேச செயலகமும், வயலின் பயன்பாட்டுக்குக் கமநல சேவை, கட்டடத்துக்குச் சபை. மூன்றும் சரியாக இருந்தால்தான் அது வீடு கட்டக்கூடிய காணி.

ஒரு பிளான் சபைக்குள் போனால்

சபைக் கவுன்டரில் நீங்கள் கொடுக்கும் கோப்புக்குள் நில அளவையாளரின் வரைபடம், உறுதிப் பிரதி, வீட்டு பிளான், வீதி எல்லைக்கோட்டுச் சான்றிதழ் முதலியவை இருக்கும். வீதி எல்லைக்கோடு என்பது எதிர்காலத்தில் அந்த வீதி எவ்வளவு அகலமாகும் என்று குறித்துவைத்திருக்கும் கோடு. அதற்குள் கட்டினால் பின்னர் இடிக்கவேண்டி வரும்.

அப்புறம் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணிக்கு வருவார். அளவு நாடாவின் ஒரு முனையை வீதியின் நடுவில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைச் சுவர் வரப்போகும் முளைக்குச்சி வரை இழுப்பார். பின்பக்கத்தில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விடவேண்டிய இடம் இருக்கிறதா, மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறதா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பார். பக்கத்துக் காணிக்குள் போனால் அங்கேயே பிரச்சினை தொடங்கிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கருத்தும் சேரும். பிறகு கோப்பு திட்டமிடல் குழுவுக்குப் போகும். தேவையென்றால் வீதி, நீர், சுற்றாடல் சம்பந்தப்பட்ட நிறுவனங்களிடமும் அபிப்பிராயம் கேட்பார்கள்.

அனுமதி கிடைத்து வீடு எழும்பிய பிறகும் வேலை முடியவில்லை. பிளானில் உள்ளபடிதான் கட்டியிருக்கிறீர்கள் என்று சபை கொடுப்பது இணக்கச் சான்றிதழ். வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. மின்சாரம் வந்துவிட்டது, ஆகவே எல்லாம் சட்டப்படிதான் என்று நினைத்திருப்பார்கள். மின் இணைப்பு அனுமதிக்கு ஈடாகாது.

காணி விற்கும் நிறுவனத்திடம் துண்டு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. துண்டு போட்ட வரைபடம் சபையால் அனுமதிக்கப்பட்டதா என்று கேளுங்கள், முத்திரையும் திகதியும் உள்ள பிரதியைப் பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி ஒரு துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, கிட்டத்தட்ட 6 பேர்ச். அதோடு உள்ளே போகும் ஒழுங்கை சபைக்குக் கையளிக்கப்பட்டதா என்றும் கேட்கவேண்டும். கையளிக்கப்படாத ஒழுங்கை தனியார் சொத்து. அதற்குத் தார் போடவோ வடிகால் வெட்டவோ சபை பொதுப்பணத்தைச் செலவழிக்க முடியாது. நாங்கள் எத்தனை தடவை கடிதம் கொடுத்தும் சபை திரும்பிப் பார்க்கவில்லை என்ற முறைப்பாடுகள் பலவற்றின் பின்னால் இந்த ஒரு காரணம் இருக்கிறது.

எந்தச் சேவை யாருடையது

வீதியையே எடுப்போம். ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சீ, டீ வகை வீதிகளை மாகாணம் பார்க்கிறது. அதற்குக் கீழே உள்ள கிராமத்து வீதிகளும் கையளிக்கப்பட்ட ஒழுங்கைகளும்தான் சபையுடையவை. ஹைலெவல் வீதியில் விழுந்த குழிக்காகத் தவிசாளரைப் பிடிப்பதில் பயனில்லை. அந்த வீதியிலிருந்து பிரியும் உங்கள் ஒழுங்கையின் குழிக்கு அவரை விடக் கூடாது.

குப்பை, தெருவிளக்கு, வடிகால், வாராந்தச் சந்தை, மயானம், நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாம் சபையின் வேலை. குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது, சில இடங்களில் உள்ளூர்ச் சபைகளே சிறு நீர்த்திட்டங்களை நடத்துகின்றன. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் மாகாணத்துடனும் மத்திய அமைச்சுகளுடனும் சேர்ந்தவை. பொலிஸ் மத்திய அரசு. குடியிருப்புக்கு நடுவில் மாசு குறைந்த சிறு தொழில் ஒன்று வருகிறதென்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கொடுப்பது உள்ளூர்ச் சபை, மாசு கூடிய தொழிற்சாலைக்குக் கொடுப்பது மத்திய சுற்றாடல் அதிகார சபை. கல்லுடைப்புக்கு உரிமம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்.

சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி கைமாறும்போது அறவிடும் முத்திரைத் தீர்வையில் கிடைக்கும் பங்கு. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதிக்கு மேலிடத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஆதன வரியை ஜனவரி 31க்குள் ஆண்டு முழுவதற்கும் கட்டினால் 10 விழுக்காடு கழிவு உண்டு.

தோட்டத்து மக்களுக்குச் சட்டம் செய்த அநியாயம்

இதைச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனமில்லை. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களின் ஊர் தேயிலை, ரப்பர்த் தோட்டங்கள். வெகுதூரம் போகத் தேவையில்லை, இதே மாவட்டத்தில் அவிசாவளைப் பக்கத்திலும் தோட்டங்கள் உண்டு.

தோட்ட நிலம் 1970களில் அரசுடைமையானது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக மாறியது. லயன் அறையில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், மூன்று தலைமுறையாக இருப்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை இல்லை. அவர் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களிப்பார். அவருடைய வாக்கால் உறுப்பினர்கள் வருவார்கள். ஆனால் பிரதேச சபைகள் தொடங்கிய காலத்திலிருந்து தோட்டத்துக்குள் பாதை போடவோ தண்ணீர் கொடுக்கவோ சபைக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படி அமைந்திருந்தது. பிரதான வீதி வரை சபையின் தார் வரும், தோட்டத்து எல்லையில் நின்றுவிடும். உள்ளே கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டிய கல்பாதை, "அது தோட்டத்துரை பார்க்கவேண்டியது."

2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் இந்தத் தடையை நீக்கியது. பிரதேச சபை இப்போது தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்யலாம். அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு பெரிய பிரதேச சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளையும் உருவாக்கினார்கள். ஆனாலும் நிலம் இன்னும் மக்களுடையது ஆகவில்லை. சபை பாதை போட நினைத்தாலும் தோட்ட நிர்வாகத்தோடு பேசித்தான் போடவேண்டியிருக்கிறது. காணி யாருடையது என்ற முதல் கேள்விக்குப் பதில் இல்லாதவரை மற்ற இரண்டும் இப்படித்தான் இழுபடும். ஆகவே தோட்டத்தில் உறவுகள் உள்ளவர்கள் இனி "தோட்டத்துக்குள் சபை வர முடியாது" என்ற பழைய பதிலை ஏற்றுக்கொள்ளவேண்டாம். அந்தப் பதிலின் ஆயுள் 2018இல் முடிந்துவிட்டது.

சபைக்கு மேலே எடுக்கப்படும் முடிவுகள்

சில முடிவுகள் சபையின் தலைக்கு மேலாகவே நடந்துவிடும். கொழும்பு நகரத்தின் குப்பை பல ஆண்டுகளாகக் கொலன்னாவப் பகுதியின் மீதொட்டமுல்லையில் கொட்டப்பட்டது. அந்த மலை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில் சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டில் குப்பைத் திடல் அமைத்தது மத்திய அரசு. தங்கள் ஊருக்குக் கொழும்பின் குப்பை வேண்டாம் என்று அங்குள்ள மக்கள் போராடினார்கள். கிராமப்புற நிலமொன்றின் விதி இப்படித் தொலைவில் தீர்மானமாகும்போது, உள்ளூர்ச் சபையால் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்ற முடியுமே தவிரத் தடுக்க முடியாது.

தெரிவான சபையே இல்லாத காலமும் இருந்தது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. அதுவரையும் அதற்குப் பின்னரும், 2025 தேர்தல் வரை, பிரதேச சபைகளை அவற்றின் செயலாளர்களே நடத்தினார்கள். பிளான்கள் அனுமதிக்கப்பட்டன, குப்பை எடுக்கப்பட்டது. ஆனால் வட்டாரத்துக்காகக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. உள்ளூராட்சியை மேற்பார்வை செய்யவேண்டிய மேல் மாகாண சபையின் காலமும் 2019இல் முடிந்துவிட்டது.

கேட்பதற்கு உள்ள வழிகள்

முதலில் உங்கள் வட்டார உறுப்பினர். சபை மாதாந்தம் கூடுகிறது, உங்கள் ஒழுங்கையின் பிரச்சினையை அங்கே பிரேரணையாகக் கொண்டுவர அவரால் முடியும். இன்னொரு வழியை யாரும் பயன்படுத்துவதில்லை: சபையின் வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் முதலிய குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்மக்களையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊரில் ஓய்வுபெற்ற பொறியியலாளரோ ஆசிரியரோ இருந்தால் அவர் பெயரைப் பிரேரிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வயலில் மண் விழத் தொடங்கினால் சபைக்கு மட்டும் ஓடாமல் அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். லொறி இலக்கமும் படமும் திகதியும் இருந்தால் நல்லது. முழுவதும் நிரப்பிய பிறகு தோண்டி எடுப்பிப்பது மிகக் கடினம்.

யார் அனுமதி கொடுத்தார்கள், எந்தத் திகதியில், என்ன நிபந்தனையோடு என்று தெரியவேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபை, பிரதேச செயலகம், கமநல சேவை எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைக் கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். தராவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

ஹோமாகமவிலோ சீதாவக்கவிலோ கவுன்டரில் சிங்களப் படிவம் மட்டும் நீட்டினால் பின்வாங்கவேண்டாம். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் பதில் தர மறுத்தால் அந்தப் பிரதியோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.